கோல் கம்பம் குட்டையாவது ஏன்? டெல்டா கல்லூரி மைதானங்களைப் பற்றி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் ஏதாவது ஒரு பழைய கல்லூரியின் கால்பந்து மைதானத்துக்குப் போனால், கேலரியைப் பார்ப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுங்கள். கோல் கம்பத்தின் அடியில், தரையிலிருந்து குறுக்குக் கம்பத்தின் கீழ்விளிம்பு வரை அளந்து பாருங்கள். விதிப்படி 2.44 மீட்டர் இருக்கவேண்டும். 2.35 என்று வந்தால் கம்பம் குட்டையாகவில்லை, தரை வளர்ந்திருக்கிறது. கம்பம் நட்ட நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் 9 சென்டிமீட்டர் மண் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கோலின் நடுவில் அளக்கவேண்டாம். கோல்கீப்பர் கால் பட்டுப் பட்டு அங்கே பள்ளம் விழுந்திருக்கும், அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றும். கம்பத்தை ஒட்டியே அளக்கவேண்டும்.

நம் பக்கத்தில் மைதானச் சீரமைப்பு என்றால் பத்துக்கு எட்டு தடவை "மண் அடிப்பது"தான். பொன்விழாவுக்கு ஒரு தடவை, போட்டி நடத்த வாய்ப்புக் கிடைத்தால் ஒரு தடவை, மழையில் சேறாகிவிட்டது என்று ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மண். எந்த வருடம் என்ன செய்தார்கள் என்பது கல்லூரிக் கோப்பில் இருக்கிறதோ இல்லையோ, தரைக்கு அடியில் அப்படியே இருக்கும். அதைப் படிக்காமல் புது வேலையைத் தொடங்கினால் பழைய தவற்றின் மேல் இன்னொரு அடுக்குதான் ஏறும்.

படிப்பது எளிது. 60 செ.மீ. சதுரத்தில், 1 மீட்டர் ஆழத்துக்கு மூன்று குழிகள்: ஒன்று கார்னர் பக்கம், ஒன்று நடுக்கோட்டில், ஒன்று பெனால்டி ஏரியாவுக்குள். ஜேசிபி வேண்டாம், மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். பக்கச் சுவரை ஒரு கத்தியால் சுரண்டிவிட்டால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மேலே 5 செ.மீ. அருகம்புல் வேரோடு கருத்த மண். அதற்குக் கீழே சிவப்புக் கிராவல், ரோலர் போட்டு அழுத்தியது. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் வந்தால், ஏதோ பழைய கட்டடத்தை இடித்த கழிவை இங்கே கொட்டி மூடியிருக்கிறார்கள். அதற்கும் கீழே, இடையிடையே துருநிறப் புள்ளிகளோடு சாம்பல் களி. அந்தச் சாம்பல் நிறம் முக்கியம். வருடத்தில் பல வாரம் தண்ணீரில் மூழ்கி, காற்று போகாமல் கிடக்கிற மண்தான் அந்த நிறத்துக்கு வரும். அது எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுவரை மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 30 செ.மீ.யிலேயே தொடங்கினால் மேலே என்ன புல் போட்டாலும் நவம்பரில் நாற்றங்கால்தான்.

அடுக்குகள் ஏன் தொல்லை என்றால், தண்ணீர் ஒரு மண்ணிலிருந்து வேறு குணமுள்ள மண்ணுக்குச் சுலபமாக இறங்காது. மேலே நுண்ணிய களி, கீழே பருமணல் என்றிருந்தால், மேல் களி முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் மணலுக்குள் சொட்டத் தொடங்கும். மேலே மணல், கீழே ரோலர் போட்ட கிராவல் என்றிருந்தால் மணல் நிரம்பி அப்படியே நிற்கும். "கீழே மணல் போட்டோமே, இன்னும் ஏன் தண்ணீர் நிற்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

கல்லூரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அடிமண் மாறும். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது, காவிரிக்கரையில் இருக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிய இடங்களில் பொதுவாகப் படுகை மண் கிடைக்கும். வண்டலும் மணலும் கலந்தது, தண்ணீர் இறங்கும், மைதானத்துக்கு யோகமான மண். 1950களில் டெல்டா முழுக்கக் கல்லூரிகள் வந்தன. தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் 1955, பூண்டி புஷ்பம் கல்லூரி 1956. அதன் பிறகு வந்தவை இன்னும் ஏராளம். ஆற்றைவிட்டுத் தள்ளி, பழைய டெல்டாவின் வயல்வெளியில் எழுந்த வளாகங்களில் கெட்டிக் களிதான் பெரும்பாலும். வல்லம், பட்டுக்கோட்டை பக்கம் போய்விட்டால் செம்மண், அது வேறு கதை. அங்கே தண்ணீர் நிற்பது பெரிய பிரச்சினை இல்லை, நிற்காமல் ஓடிவிடுவதுதான் பிரச்சினை. ஊரை வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரே வளாகத்தில் கிழக்குக் கோல் படுகையிலும் மேற்குக் கோல் களியிலும் இருக்கலாம். அதனால்தான் மூன்று குழி.

நஞ்சையாக இருந்த இடம் என்றால் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். வருடக்கணக்காகச் சேற்றுழவு செய்த வயலில் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் ஓர் இறுகிய தட்டு உருவாகியிருக்கும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்த அது வேண்டும். மைதானத்தில் அது ஒரு தார்ப்பாய் விரித்ததுபோல. கத்தியைக் குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வந்தால் அந்த ஆழத்தில் சட்டென்று இறங்க மறுக்கும். ஏப்ரல், மே வெயிலில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு உளிக்கலப்பையை 40 செ.மீ. ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் தட்டு உடையும். ஈரத்தில் ஓட்டினால் உடையாது, கலப்பை கீறிய இடம் வெண்ணெயில் கத்தி போட்டதுபோல மறுபடி மூடிக்கொள்ளும். ரோட்டவேட்டர் இதற்கு உதவாது. அது மேல் 10, 12 செ.மீ.யைப் பொடியாக்கி, அதற்குக் கீழே தன் பங்குக்கு இன்னொரு தட்டைப் போடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் என்றால் 7,140 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. மழை பெய்தால் 71,400 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டுவது நமக்குப் புதிதல்ல. அப்போது 7,14,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 60 லாரி. களிமண் வழியாக இது கீழே இறங்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. மேலேயே வழிந்து ஓடவேண்டும். எனவே முதல் வேலை சரிவு. கோலிலிருந்து கோலுக்கு நடுவில் ஒரு முகடு, அங்கிருந்து இரண்டு பக்கக் கோடுகளுக்கும் 100க்கு 1 சரிவு. 34 மீட்டருக்கு 34 செ.மீ. இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்கும் தெரியாது, தண்ணீருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த முகட்டை முழுக்க வெளி மண் கொண்டுவந்து எழுப்பினால் 1,214 கன மீட்டர் வேண்டும். யூனிட் (100 கன அடி) கணக்கில் சுமார் 430. கான்ட்ராக்டர்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் பக்கவாட்டில் 17 செ.மீ. வெட்டி நடுவில் 17 செ.மீ. ஏற்றினால் அதே சரிவு கிடைக்கும். நகர்த்தவேண்டிய மண் 303 கன மீட்டர்தான், கால்வாசி. வெளியிலிருந்து ஒரு லோடும் வேண்டாம். வெட்டுவதற்கு முன் மேல் 10 செ.மீ. நல்ல மண்ணைத் தனியாக வழித்து ஓரமாகக் குவித்துவைத்து, எல்லாம் முடிந்த பிறகு திரும்பப் பரப்பவேண்டும். இதைத் தவறவிட்டால் நடுவில் நல்ல மண் புதைந்துபோய், ஓரத்தில் உயிரில்லாத களி மேலே வந்துவிடும். இந்த வழியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஓரம் 17 செ.மீ. தாழ்கிறது. தாழ்ந்த ஓரத்திலிருந்து தண்ணீர் போக வடிகால் அதைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும்.

டெல்டாவில் எல்லாம் வந்து முட்டுவது இந்த இடத்தில்தான். பாசன வாய்க்காலும் வடிவாய்க்காலும் ஒன்றல்ல. வளாகத்தை ஒட்டி ஓடுகிறது என்பதற்காகப் பாசன வாய்க்காலில் குழாயைத் திருப்பிவிட்டால், வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து சில நாள் கழித்து அந்த வாய்க்காலின் தண்ணீர் உங்கள் குழாய் வழியாக மைதானத்துக்குள் வரும். மழைக்காலத்தில் வடிவாய்க்காலும் நிரம்பி எதிர்த்துத் தள்ளும். அதனால் மண்ணைத் தொடும் முன் ஒரு லெவல் கருவியை வாடகைக்கு எடுத்து, மைதான ஓரம், வாய்க்கால் படுகை, வாய்க்காலில் மழைக்காலத் தண்ணீர் ஏறிய கறை ஆகிய மூன்றின் மட்டத்தையும் எடுக்கவேண்டும். கறை மதகுச் சுவரில் தெரியும். கருவி கிடைக்காவிட்டால் கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும், 30 மீட்டர் 30 மீட்டராக நகர்த்திக்கொண்டு போகலாம். ட்யூபுக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு குமிழி 5 செ.மீ. பொய் சொல்லும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியம் 1927இல் கட்டியது. ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அந்தக் கிண்ணத்தில் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு "நாமும் ஆடுகளத்தைத் தாழ்த்தி, தோண்டிய மண்ணைச் சுற்றிக் கேலரியாக ஏற்றினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. திருவாரூரில் அப்படித் தோண்டினால் படித்துறையும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

அடிவடிகால் குழாய் வேண்டுமா என்றால், களியில் வேண்டும், ஆனால் அது சரிவுக்கு மாற்று இல்லை. மேலே வழிந்து போனதுபோக மீதி ஊறியிருப்பதை இழுக்கத்தான் குழாய். களிக்கு 5 மீட்டர் இடைவெளி. முகட்டிலிருந்து இருபக்கமும் இறங்குகிற மாதிரி 68 மீட்டர் நீளத்தில் 22 வரிசை, மொத்தம் ஏறக்குறைய 1,500 மீட்டர் துளையிட்ட குழாய், 80 அல்லது 100 மி.மீ. விட்டம். பள்ளம் 20 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம். குழாயைச் சுற்றியும் மேலேயும் 20 மி.மீ. ஜல்லி 40 செ.மீ. உயரம், சுமார் 42 யூனிட். அதன் மேல் 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) 5 செ.மீ. அதற்கு மேல் தரைமட்டம் வரை பருமணல். சிப்ஸை மிச்சம் பிடித்தால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும், அடுத்த வருடம் மைதானத்தில் 22 வாய்க்கால் தெரியும். மணல் தரையின் மேல்மட்டம் வரை வரவேண்டும் என்பதை இரண்டு தடவை படியுங்கள். "கடைசி நாலு அங்குலத்துக்குச் சவுடு போட்டு மூடிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. மூடினால் அந்த 1,500 மீட்டர் குழாய்க்கு ஒரு சொட்டும் போகாது. குழாயைத் துணியால் சுற்றி விற்கிறார்கள். களியின் நுண்துகள் அந்தத் துணியில் படிந்து இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடைத்துவிடும். சுற்றாத குழாயே இங்கே நல்லது.

ஓரக் குழாய் 160 மி.மீ., பக்கக்கோட்டுக்கு வெளியே. 200க்கு 1 சரிவு என்றால் 105 மீட்டரில் 52 செ.மீ. இறங்கும். தொடக்கத்திலேயே 70 செ.மீ. ஆழம், முடிவில் 1.2 மீட்டருக்கு மேல். அவ்வளவு தாழ்வான வடிகால் டெல்டாவில் சுலபத்தில் கிடைக்காது. நடுக்கோட்டிலிருந்து இரண்டு முனைக்கும் பிரித்து விட்டால் இறக்கம் 26 செ.மீ. போதும், முடிவு ஆழம் 1 மீட்டருக்குள் நிற்கும். அதுவும் முடியாத இடத்தில் மூலையில் உறை இறக்கிச் சேகரிப்புக் கிணறு கட்டி, பம்ப் வைக்கவேண்டியதுதான். விநாடிக்கு 20 லிட்டர் தள்ளுகிற பம்ப், மேலே சொன்ன 10 செ.மீ. மழையை வெளியேற்ற 10 மணி நேரம் எடுக்கும். புயல் நாளில் கரண்ட் இருக்காது, ஆகவே டீசல். குழாய் வாயில் எதிர்த்தண்ணீர் வராமல் தானாக மூடும் மூடியும், எலியும் நண்டும் புகாமல் வலையும் வேண்டும். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டினால் இவ்வளவும் வீண். வடிகால் தூர்வாரும் வேலை ஜனவரி 28இல் மேட்டூர் மூடிய பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் செய்யவேண்டும். நீர்வளத்துறை வாய்க்கால் என்றால் அனுமதி வாங்க அந்த இரண்டு மாதமும் சரியாகப் போய்விடும், எனவே தை பிறக்கும் முன்பே மனு கொடுத்துவிடுங்கள்.

மணல் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. களியில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகிவிடும் என்று. நடப்பது நேர் எதிர். மணல்துகள்களுக்கு இடையில் உள்ள இடத்தைக் களி நிரப்பி, காய்ந்தால் செங்கல்போல இறுகும். மணல் முக்கால் பங்குக்கு வந்தால்தான் மண்ணின் குணம் மாறும், அதற்குக் கட்டுப்படியாகாது. கலக்காதீர்கள், மேலே தூவுங்கள். புல் பிடித்த பிறகு ஒரு தடவைக்கு 5 மி.மீ., அதாவது 12, 13 யூனிட், வருடத்துக்கு மூன்று முறை. புல் அதற்குள்ளேயே ஏறி வளரும். ஐந்தாறு வருடத்தில் 8 செ.மீ. மணல்மேடை தானாக உருவாகிவிடும். கீழே உள்ள மணல் வரிசையோடு அது சேர்ந்தே இருக்கும் என்பதால் தண்ணீர் நேராகக் குழாய்க்குப் போகும். எம்-சாண்ட் வாங்கினால் கழுவியதா என்று பாருங்கள். கிரஷர் தூசு கலந்திருந்தால் சிமெண்ட்போலப் படியும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்பாகம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் மணல் அடியில் நின்றுவிடும். அதன் பிறகும் தண்ணீர் கலங்கியே இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

(எச்சரிக்கையாக ஒன்று. இப்படி மணல் ஏற்றினாலும் கோல் கம்பம் குட்டையாகும். ஆனால் இது கணக்கு வைத்து ஏற்றுவது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கம்பத்தைத் தூக்கி நட வழி செய்துகொண்டால் போதும். கோல் வாசலில் மட்டும் மண்ணை வழித்து 2.44 காட்டுவது போட்டிக்கு முந்தின நாள் பல இடங்களில் நடக்கிற வித்தை. அடுத்த மழையில் அந்த இடம் தொட்டியாகிவிடும்.)

ரோலர். சாலை போடும் 8, 10 டன் அதிர்வு ரோலர் மைதானத்துக்குள் வரக்கூடாது. வந்த மைதானம் பார்க்க மொழுமொழுவென்று இருக்கும், அந்த ஒரு நாள் திறப்புவிழாப் படம் நன்றாக வரும், பிறகு வேர் இறங்காது. அரை டன் கைரோலர் போதும். மண்ணைக் கையில் எடுத்து உருட்டினால் பென்சில் தடிமனுக்குத் திரியாக வந்தால் ஈரம் அதிகம், அன்று ரோலர் போடக்கூடாது. உதிர்ந்து விழுந்தால் போடலாம்.

புல்லுக்கு வருவோம். அருகம்புல்லைத் தவிர வேறு எதையும் நாட நமக்கு அவசியமில்லை. உள்ளூர் அருகு போதும். நெருக்கமாகவும் நுண்ணியதாகவும் வேண்டுமானால் டிஃப்வே 419 கலப்பினம். அது விதை தராது, நாற்றாகத்தான் நடவேண்டும். 15 செ.மீ.க்கு 15 செ.மீ. இடைவெளி என்றால் ஏறக்குறைய 3,17,000 நாற்று. 10 செ.மீ. என்றால் 7,14,000. நெல் நடவுக்குப் பழகிய ஆட்கள் இதை வேறு யாரையும்விட வேகமாகவும் வரிசையாகவும் நடுவார்கள், இது டெல்டாவுக்கு உள்ள ஒரே அனுகூலம் என்றுகூடச் சொல்லலாம். குறுவை நடவுக்கு முன்பே அவர்களைப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆள் கிடையாது.

நடுவதற்கு முன் கோரையை ஒழிக்கவேண்டும். கோரைக் கிழங்கு ஒன்று தங்கினாலும் அருகை மீறி எழும். உழுது, தண்ணீர் விட்டு, முளைக்கவிட்டு, மறுபடி உழுது கிழங்கை வெயிலில் காயப்போடவேண்டும். இப்படி இரண்டு சுற்று. நட்ட பிறகு வந்தால் ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் மருந்து கோரையை மட்டும் பிடிக்கும், அருகு தாங்கும். வேளாண் அலுவலரிடம் அளவு கேட்டே அடிக்கவும்.

காலம் மிக முக்கியம். கல்லூரி மூடிய மே மாதத்தில் மண் அடித்து, திறந்ததும் ஜூலையில் விளையாட விடுவது வழக்கமான தவறு. மே கடைசியில் நட்டால் 10 முதல் 12 வாரம் யாரும் கால் வைக்கக்கூடாது. ஆகஸ்ட் நடுவில் லேசான பயிற்சி, செப்டம்பரில் போட்டி, அக்டோபர் மழைக்குள் வேர் பலப்பட்டிருக்கும். ஜூன், ஜூலையில் நமக்கு மழை சொற்பம், காற்றுதான் அதிகம். வாரத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் என்றால் 1,78,500 லிட்டர். போர்வெல் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறியிருக்கும். அருகு ஓரளவு தாங்கும், இளம் நாற்று தாங்காது. யூரியா மாதம் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராமுக்குச் சற்று மேல், முழு மைதானத்துக்கு 45 கிலோ மூட்டையில் கொஞ்சம் மிச்சமிருக்கும். இரண்டாகப் பிரித்துப் போட்டு, உடனே தண்ணீர் விடவேண்டும். வெட்டும் உயரம் 25 மி.மீ., ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆட்டை விட்டு மேய்த்தால் வெட்டுக்கூலி மிச்சம்தான், குளம்புக் குழிக்கு யார் கணக்குச் சொல்வது?

கோடு போடுவதில் சுருக்கமாக: மூலைச் செங்கோணத்துக்கு 3-4-5 முக்கோணம், கடைசியில் மூலைவிட்டம். 105க்கு 68 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 125.10 மீட்டர் வரவேண்டும். 5 செ.மீ. வித்தியாசம் வந்தாலும் மறுபடி அளக்கவும். சுடுசுண்ணாம்பைத் தூவாதீர்கள். ஈரம் பட்டால் சூடேறும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சாக்பீஸ் பொடி கிடைக்கிறது. கழிவு எண்ணெயை ஊற்றிக் கோட்டை நிரந்தரமாக்குவது புல்லையும் கொன்று மண்ணையும் பள்ளமாக்கும்.

கம்பம் வாங்கும்போது 4 அங்குல ஜி.ஐ. குழாய் கேளுங்கள், அதன் வெளிவிட்டம் 114 மி.மீ. விதியின் உச்சவரம்பு 12 செ.மீ. "கெட்டியா இருக்கட்டும்" என்று 5 அங்குலம் போட்டால் 140 மி.மீ. வந்து விதியை மீறிவிடும். கோல் கோட்டின் அகலமும் கம்பத்தின் தடிமனும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பத்தைக் கான்கிரீட்டில் நேராகப் புதைக்காமல், சற்றுப் பெரிய குழாயை உறையாகப் பதித்து அதற்குள் இறக்கினால் பின்னால் தூக்கி உயர்த்தலாம். உறையின் அடி திறந்திருக்கவேண்டும், கீழே ஒரு சட்டி ஜல்லி. அடைத்துவிட்டால் தண்ணீர் நின்று தரைமட்டத்தில்தான் துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துப்போய்விடும். சாவியால் தட்டிப் பாருங்கள், மண்போன்ற சத்தம் வந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும்.

சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை இருக்கிற கல்லூரிகள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 36.5 மீட்டர் ஆரமும் 84.39 மீட்டர் நேர்ப்பகுதியும் உள்ள நிலையான பாதைக்குள் 105க்கு 68 ஆடுகளம் அடங்கும், ஆனால் கார்னரில் பாதையின் விளிம்புக்கு 1 மீட்டர்தான் மிச்சம். கார்னர் கிக் எடுப்பவர் பாதையில் நின்றுதான் ஓடிவரவேண்டும். விளிம்புக்கு சிமெண்ட் கட்டை வைத்திருந்தால் கணுக்கால் போகும். 100க்கு 64 ஆக்கினால் 3.6 மீட்டர் கிடைக்கும். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். கல்லூரிகளுக்கு இதுவே போதும் என்பது நம் கருத்து.

கேலரி. மேற்குப் பக்கம் அமைந்தால் மாலை வெயில் முதுகுக்குப் போகும், கிழக்கில் கட்டினால் கண்ணில் குத்தும். ஆளுக்கு 45 செ.மீ. என்று வைத்தால் 30 மீட்டர் நீளம், 8 படிக்கு 528 பேர். டெல்டாவில் கேலரி விரிசல் விடுவதற்குப் பாரம் காரணமில்லை, களி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, அஸ்திவாரத்தை வருடாவருடம் தூக்கி இறக்குகிறது. படிகளில் சாய்வாகப் படிப்படியாக ஓடும் விரிசல் அதன் கையெழுத்து. சிமெண்ட் பூசினால் அடுத்த மே மாதம் அதே இடத்தில் திறக்கும். புதிதாகக் கட்டினால் அடியில் குமிழ் விரிந்த பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு, சுருங்கி விரியும் மண்ணுக்குக் கீழே ஊன்றவேண்டும். பழையதை வைத்துக்கொள்வதென்றால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டி நிற்காமல் 1.5 மீட்டர் அகலத்துக்குத் தளம் போட்டு வெளியே சரித்துவிடுங்கள், பக்கத்தில் பெரிய மரம் நடாதீர்கள். பாதி விரிசல் அதிலேயே நிற்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் கேலரிக்கு மேல் சிமெண்ட் பூச்சு கூடாது. உள்ளே ஈரம் அடைபட்டுப் பாளம் பாளமாகப் பெயரும்.

கூரைக்கு 2018 நவம்பர் 16 ஒரு பாடம். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மரத்தையும் மின்கம்பத்தையும் விட்டுவைக்காத நாள். முன்பக்கம் திறந்த கேலரிக் கூரையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும். தாங்கவேண்டிய விசை மேல்நோக்கியது என்பதை ஃபேப்ரிகேட்டர் மறந்துவிடுவார். தகட்டின் ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்க்ரூவை இரட்டிக்கவேண்டும். தூணின் அடித்தகட்டில் போல்ட் கான்கிரீட்டுக்குள் கொக்கிபோட்டு இறங்கியிருக்கவேண்டும், பிறகு துளைபோட்டு அடித்ததாக இருக்கக்கூடாது. கடலோரத்தில் கான்கிரீட் கம்பிக்கு 45 மி.மீ. மூடாக்கு.

உடைமாற்றும் அறையும் கழிவறையும் வெள்ளக் கறைக்கு மேல் தளம் வைத்துக் கட்டவேண்டும், பெண்கள் அணிக்குத் தனியாக. நிலத்தடி நீர் உயரும் இடத்தில் காலியான செப்டிக் டேங்க் மிதந்து எழும், நிறைந்தது திரும்பி வழியும். மூடியைத் தரைக்கு மேல் அரை மீட்டர் உயர்த்துங்கள். விளக்குக் கம்பம் போடுவதாக இருந்தால், சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் தத்துப்பூச்சியும் புகையானும் வயலிலிருந்து கூட்டமாக விளக்குக்கு வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கோல்கீப்பர் வாயைத் திறக்கமுடியாது.

செயற்கைப் புல் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று ஒரு குரல் எப்போதும் எழும். அதற்கும் இதே வடிகால், இதே சரிவு, இதைவிட உறுதியான அடித்தளம் வேண்டும். களி உப்பினால் மேலே கம்பளம் அலையலையாக எழும். மே மாத மதியத்தில் அதன் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி கேட்பதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மைதானத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விளையாட்டு இல்லை. பந்தல்கால், பொருட்காட்சி லாரி, தேர்தல் நேரத்து ஹெலிபேட். பந்தல்காலுக்கு 60 செ.மீ. ஆழம் தோண்டினால் சரியாகக் குழாயின் தலையில் இறங்கும். அதனால் வேலை நடக்கும்போதே ஒவ்வொரு குழாய் வரிசையையும் கேலரிச் சுவரிலிருந்து அளந்து, வரைபடமாக அந்தச் சுவரிலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். கூடவே முதல் படியில் ஒரு பித்தளை ஆணி அடித்து, முகடும் நான்கு கார்னரும் அதிலிருந்து எத்தனை செ.மீ. தாழ்வு என்பதையும். பந்தல்காரர் வந்தால் முதலில் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்.